குறைப்பிரசவத்தை முன்கூட்டியே அறிய எந்தப் பரிசோதனை? வழக்கமான ரத்த ரிப்போர்ட்டும் மற்ற வழிகளும்

ரத்தம் ஏற்கெனவே எடுத்தாயிற்று. ஹீமோகுளோபின், வெள்ளணு, தட்டணு, சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று. இதே ரிப்போர்ட்டை வைத்து, குழந்தை மாதம் நிறைந்து பிறக்குமா, முன்னாடியே வந்துவிடுமா என்று சொல்ல முடியுமா? வழக்கமான ரத்தப் பரிசோதனை எண்களைக் கணினியில் போட்டுக் குறைப்பிரசவத்தைக் கணிக்கலாம் என்று செய்திகள் வரத் தொடங்கியதிலிருந்து கர்ப்பிணிகளும் அவர்கள் வீட்டாரும் இதைக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். புதிதாக ஊசி குத்த வேண்டாம், தனியாக அலைய வேண்டாம், கையில் இருக்கும் தாளே போதும் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரிசெய்யக்கூடிய குறைகளைக் கண்டுபிடிக்க வழக்கமான ரத்தப் பரிசோதனை மிக நல்லது. குறைப்பிரசவத்தைக் கணிக்க இன்றைய நிலையில் அது போதாது. ஒரு பரிசோதனை எவ்வளவு துல்லியம் என்று கேட்பதற்கு முன்னால், முடிவு கெட்டதாக வந்தால் மறுநாள் என்ன செய்வோம் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் பரிசோதனைக்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைப்பிரசவம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020இல் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தை. ஐந்து வயதுக்குள் நேரும் இறப்புகளுக்கு முதல் காரணமும் இதுதான். ஆனால் 36ஆவது வாரத்தில் பிறப்பதும் 27ஆவது வாரத்தில் பிறப்பதும் ஒன்றல்ல. 36ஆவது வாரக் குழந்தை பெரும்பாலும் சில நாள் கூடுதல் கவனிப்போடு வீட்டுக்குப் போய்விடும். 27ஆவது வாரக் குழந்தைக்கு நுரையீரல், மூளை, குடல், கண் என்று ஒவ்வொன்றுக்காகவும் வாரக்கணக்கில் போராட வேண்டியிருக்கும். அதனால் “குறைப்பிரசவத்தைக் கணிக்கிறது” என்று ஒரு பரிசோதனையைப் பற்றிச் சொன்னால், எந்த வாரத்துக்கு முந்தைய பிரசவத்தைச் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதோடு, குறைப்பிரசவம் ஒரே நோய் இல்லை. சுமார் மூன்றில் இரண்டு பங்கு தானாக நடப்பவை: வலி முன்னாடியே எடுத்துவிடும், அல்லது பனிக்குடம் உடைந்துவிடும். மீதியில் மருத்துவர்களே பிரசவத்தை முன்கூட்டி நடத்துகிறார்கள். தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் ப்ரீஎக்லாம்ப்சியா வந்திருக்கும், அல்லது நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாததால் குழந்தையின் வளர்ச்சி பின்தங்கியிருக்கும். தானாக நடப்பதிலும் தொற்று, கருப்பை வாயின் நீளம் முன்னாடியே குறைந்துபோவது, இரட்டைக் குழந்தைகளால் கருப்பை அளவுக்கு மீறி விரிவது, ரத்தக்கசிவு என்று காரணங்கள் பல. இத்தனையையும் ஒரே குழாய் ரத்தம் காட்டிக்கொடுக்கும் என்று எதிர்பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

கையில் இருக்கும் ரிப்போர்ட் என்ன சொல்லும்?

26ஆவது வாரத்தில் ஒருவருக்கு ஹீமோகுளோபின் 9.4, இன்னொருவருக்கு 13.4 என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு ரத்தசோகை. நடு மூன்று மாதங்களில் 10.5க்குக் கீழே போனால் அப்படித்தான் கணக்கு. ரத்தசோகைக்கும் குறைப்பிரசவத்துக்கும் தொடர்பு உண்டு என்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. இருந்தாலும் ரத்தசோகை உள்ள பெண்களில் பெரும்பாலோர் மாதம் நிறைந்தே பெறுகிறார்கள். அப்படியானால் இரண்டாமவர் கவலையில்லாமல் இருக்கலாமா? அங்கேதான் ரிப்போர்ட் ஏமாற்றும். கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம்வரை பெருகுகிறது. சிவப்பணுக்கள் அந்த அளவுக்குப் பெருகுவதில்லை. எனவே நடு மாதங்களில் ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்குவது ஆரோக்கியமான அறிகுறி. இறங்காமல் 13க்கு மேலேயே நின்றால், நீர்ப்பகுதி போதுமான அளவு பெருகவில்லையோ என்று யோசிக்க வேண்டும். அதிக ஹீமோகுளோபினோடும் குறைப்பிரசவமும் எடைக்குறைவும் சேர்ந்து வருவது பதிவாகியிருக்கிறது. குறைந்தாலும் ஆபத்து, மிகுந்தாலும் ஆபத்து. ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் “நார்மல்” என்று அச்சாகியிருக்கும் வரம்பு பெரும்பாலும் கர்ப்பமில்லாத பெண்களுக்கானது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வெள்ளணு எண்ணிக்கையும் அப்படித்தான். கர்ப்பத்தில் அது 15,000 வரை போவது சகஜம். பிரசவ வலியில் இன்னும் ஏறும், ஸ்டீராய்டு ஊசி போட்டாலும் ஏறும். சி.ஆர்.பி. என்ற புரதம் உயர்ந்தால் உடலில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று பொருள். அது கருப்பையிலா, பல் ஈறிலா, சாதாரண சளியிலா என்று அந்த எண் சொல்லாது. உடல் எடை கூடுதலாக இருந்தாலே அது சற்று உயர்ந்துதான் இருக்கும். ஃபெரிட்டின் இரும்புச் சேமிப்பைக் காட்டும், ஆனால் அழற்சி இருந்தால் அதுவும் பொய்யாக ஏறிக் காட்டும்.

குரோமோசோம் கோளாறுகளுக்காக எடுக்கும் ரத்தப் பரிசோதனைகள் இவற்றைவிட ஒருபடி மேல். முதல் மூன்று மாதத்தில் பார்க்கும் பாப்-ஏ என்ற புரதம் மிகக் குறைவாக இருந்தாலோ, அடுத்த கட்டத்தில் பார்க்கும் ஏ.எஃப்.பி. என்ற புரதம் காரணம் தெரியாமல் உயர்ந்திருந்தாலோ, நஞ்சுக்கொடி சரியாக அமையவில்லை என்ற சந்தேகம் வரும். அப்படிப்பட்டவர்களுக்குக் குறைப்பிரசவமும் வளர்ச்சிக் குறைவும் சற்று அதிகம். வேறு காரணத்துக்காக எடுத்த பரிசோதனையில் இது தெரியவந்தால், அதை ஒதுக்காமல் வளர்ச்சி ஸ்கேன்களை நெருக்கமாகப் பார்ப்பது நல்லது. குறைப்பிரசவத்தைக் கண்டுபிடிப்பதற்காகவே இவற்றை எடுப்பதில் பலன் இல்லை. முன்கூட்டிப் பிரசவிக்கும் பெண்களில் பெரும்பாலோருக்கு இந்த எண்கள் சாதாரணமாகவே இருக்கும்.

சரி, தனித்தனியாகப் பார்த்தால் பலவீனம், எல்லாவற்றையும் சேர்த்துக் கணினியிடம் கொடுத்தால்? இந்த யோசனையில் சாரம் இருக்கிறது, அதை நான் ஒதுக்கவில்லை. மனிதக் கண்ணுக்குப் படாத சேர்க்கைகளைக் கணினி பிடிக்கும். ஆனால் இப்படி ஒரு கணினிக் கணிப்பு மாதிரியைப் பற்றிப் படிக்கும்போது மூன்று இடங்களில் நின்று பாருங்கள். ரத்தம் எப்போது எடுத்தது? வலியோடு மருத்துவமனையில் சேர்ந்த அன்று எடுத்த ரத்தமும் கணக்கில் இருந்தால், கணினி கண்டுபிடித்தது வரப்போகும் வலியை அல்ல, வந்துவிட்ட வலியை. அடுத்து, எந்தப் பெண்களிடம்? சந்தேகம் வந்த பெண்களுக்குத்தான் மருத்துவர்கள் கூடுதலாகப் பரிசோதனை எழுதுவார்கள். அப்போது பரிசோதனை எழுதப்பட்டது என்ற தகவலிலிருந்தே கணினி விடையைப் பிடித்துவிடும். கடைசியாக, வேறு மருத்துவமனையில், வேறு மக்களிடம் சோதித்தார்களா? ஓரிடத்தில் பழகிய மாதிரி இன்னோர் இடத்தில் சறுக்குவது இந்தத் துறையில் அடிக்கடி நடப்பது. இந்த மூன்றையும் தாண்டி வந்த மாதிரி இருந்தாலும், அதன் பேச்சைக் கேட்டுச் சிகிச்சை கொடுத்ததால் குழந்தைகள் நன்றாகப் பிறந்தன என்று காட்டுவது இன்னொரு பெரிய படி.

இதற்கென்றே உருவாக்கிய ரத்தப் பரிசோதனைகள்

குறைப்பிரசவத்தைக் கணிப்பதற்காகவே வந்த ரத்தப் பரிசோதனைகளில் அதிகம் பேசப்படுவது ஐ.பி.பி.4, எஸ்.எச்.பி.ஜி. என்ற இரண்டு புரதங்களின் விகிதம். 18 முதல் 20 வாரங்களில் ரத்தம் எடுக்கிறார்கள். 2016இல் வெளியான ஆய்வில், உடல் எடைக் குறியீடு குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்த பெண்களிடம், தானாக நேரும் குறைப்பிரசவங்களில் 75 சதவீதத்தை இது பிடித்தது. குறைப்பிரசவம் ஆகாதவர்களில் 74 சதவீதம் பேரைச் சரியாக விலக்கியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதே அளவு திறமையுள்ள ஒரு பரிசோதனையை 1000 கர்ப்பிணிகளிடம் செய்வதாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பத்தில் ஒருவர் என்றால் 100 பேருக்குக் குறைப்பிரசவம் ஆகும். அவர்களில் 75 பேரைப் பரிசோதனை பிடிக்கும், 25 பேரை விட்டுவிடும். மீதி 900 பேரில் 26 சதவீதம், அதாவது 234 பேருக்கும் “ஆபத்து” என்றே முடிவு வரும். ஆக மொத்தம் 309 பேரிடம் கெட்ட செய்தி சொல்கிறோம், அதில் உண்மையாகக் குறைப்பிரசவம் ஆகப்போவது 75 பேருக்கு, அதாவது நாலில் ஒருவருக்கு. மற்ற மூன்று பேரும் மிச்சமுள்ள நான்கைந்து மாதங்களை வயிற்றில் ஒவ்வொரு இறுக்கத்துக்கும் பயந்து கழிப்பார்கள். அந்தப் பயத்துக்கு ஈடாக உறுதியான ஒரு சிகிச்சை கிடைத்தால் ஒத்துக்கொள்ளலாம். இங்கே ரத்த முடிவை மட்டும் வைத்துக் கொடுப்பதற்கென்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட மருந்து இன்னும் இல்லை. நெருக்கமான கண்காணிப்பு, புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன், ஆஸ்பிரின் எல்லாம் சேர்ந்த தொகுப்புகளைச் சோதித்துவருகிறார்கள். நம்பிக்கையோடு கவனிக்க வேண்டிய வேலை அது.

தாயின் ரத்தத்தில் மிதக்கும், மரபணுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. துணுக்குகளைப் படிக்கும் முறையை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் குவேக் குழு 2018இல் வெளியிட்டது. பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்பே அறிகுறி தெரிகிறது என்றார்கள். ஏற்கெனவே ஆபத்து அதிகமுள்ள, எண்ணிக்கையில் மிகக் குறைவான பெண்களிடம் செய்தது அது. நாளைக்கு இதுதான் முன்னால் வரும் என்று நான் நினைக்கிறேன். இன்று முடிவெடுக்க வேண்டியவர் இதற்காகக் காத்திருக்க முடியாது.

கருப்பை வாயை அளப்பது

18 முதல் 24 வாரங்களுக்குள் பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் செய்து கருப்பை வாயின் நீளத்தை அளப்பதுதான், தானாக நேரும் குறைப்பிரசவத்துக்கு என் முதல் தேர்வு. வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதைவிட இது நம்பகமானது. வயிற்றின் மேல் பார்க்கும்போது நிறைந்த சிறுநீர்ப்பை அழுத்தி, கருப்பை வாயை உள்ளதைவிட நீளமாகக் காட்டிவிடும். உள்வழி ஸ்கேனுக்குச் சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்க வேண்டும். கருவியை அழுத்தாமல் வைத்து, சில நிமிடம் பொறுத்து, மூன்று முறை அளந்து, அதில் குறைந்த அளவை எடுத்துக்கொள்வார்கள். வலி இருக்காது, குழந்தைக்கோ பனிக்குடத்துக்கோ ஒன்றும் ஆகாது. பல பெண்கள் இந்த ஸ்கேன் என்றாலே தயங்குகிறார்கள். முன்கூட்டியே விளக்கிச் சொன்னால் அந்தத் தயக்கம் பெருமளவு குறையும், மருத்துவர்கள் அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும்.

நீளம் 25 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் குறுகிய கருப்பை வாய், முன்னாடியே திறந்துகொள்ளும் ஆபத்து கூடுதல். இதுவும் எல்லோரையும் பிடித்துவிடாது. முதல் குழந்தைக்குக் காத்திருந்த 9,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களிடம் செய்த ஆய்வு 2017இல் வெளியானது. 16 முதல் 22 வாரங்களில் அளந்தபோது தானாக நேர்ந்த குறைப்பிரசவங்களில் 8 சதவீதத்தையும், 22 முதல் 30 வாரங்களில் அளந்தபோது 23 சதவீதத்தையும்தான் இந்த அளவுகோல் முன்கூட்டிக் காட்டியது. கணிப்பு என்று மட்டும் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும்.

பிறகு ஏன் இதை முதலில் வைக்கிறேன்? குறுகியிருக்கிறது என்று தெரிந்தால் அன்றிரவே தொடங்கக்கூடிய சிகிச்சை இருக்கிறது. 2007இல் வெளியான சோதனையில், கருப்பை வாய் 15 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவாக இருந்த பெண்கள் இரவில் 200 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோனைப் பிறப்புறுப்பில் வைத்துக்கொண்டார்கள். 34 வாரத்துக்குள் பிரசவித்தவர்கள் அவர்களில் 19.2 சதவீதம், வெற்று மருந்து வைத்தவர்களில் 34.4 சதவீதம். 2011இல் வெளியான இன்னொரு பெரிய சோதனை 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை உள்ளவர்களிடம் 33 வாரத்துக்கு முந்தைய பிரசவத்தை 16.1 சதவீதத்திலிருந்து 8.9ஆகக் குறைத்தது. இவை பெரும்பாலும் ஒரே குழந்தையைச் சுமந்த பெண்களிடம் கிடைத்த முடிவுகள், இரட்டைக் குழந்தைகளில் இதே பலன் உறுதிப்படவில்லை. ஏற்கெனவே ஒருமுறை தானாகக் குறைப்பிரசவம் ஆகி, இம்முறை 24 வாரத்துக்குள் கருப்பை வாயும் 25க்குக் கீழே போனால், தையல் போடுவதும் ஒரு வழி.

ஒருகாலத்தில் இந்த ஸ்கேன் முடிவுக்குக் காத்திருக்காமல், முன்பு குறைப்பிரசவம் ஆன பெண்களுக்கு 17-ஓ.எச்.பி.சி. என்ற புரோஜெஸ்டிரோன் வகை ஊசியை வாராவாரம் போட்டார்கள். அமெரிக்காவில் 2011இல் அனுமதி பெற்ற மருந்து அது. பிறகு நடந்த பெரிய சோதனையில் பலன் தெரியாததால் 2023 ஏப்ரலில் அனுமதி திரும்பப் பெறப்பட்டது. அந்த ஊசி போனபிறகு, பழைய வரலாறு உள்ளவர்களுக்குக் கருப்பை வாயைத் திரும்பத் திரும்ப அளப்பது முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

ரத்தம் உண்மையிலேயே ஜெயிக்கும் இடம்

நஞ்சுக்கொடியின் கோளாறால் வரும் குறைப்பிரசவத்தில் நிலைமை வேறு. அங்கே ரத்தப் பரிசோதனைக்கே என் ஓட்டு. பி.எல்.ஜி.எஃப். என்ற புரதத்தை நஞ்சுக்கொடி சுரக்கிறது. ப்ரீஎக்லாம்ப்சியா வரப்போகும் பெண்களிடம் அது குறைந்திருக்கும். 11 முதல் 13 வாரங்களில் இதையும் ரத்த அழுத்தத்தையும் கருப்பைத் தமனிகளின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்து, ஆபத்து அதிகமுள்ள பெண்களைத் தேர்ந்தெடுத்து, தினமும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்த சோதனை 2017இல் வந்தது. 37 வாரத்துக்கு முன் வரும் ப்ரீஎக்லாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6ஆக இறங்கியது. பரிசோதனையும் மறுநாள் தொடங்கும் மருந்தும் கைகோத்து நிற்கும் இடம் இது. 16 வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பதால் தாமதிக்கக் கூடாது, மருத்துவரைக் கேட்காமல் தானாகவும் தொடங்கக் கூடாது.

பின்னாளில், ரத்த அழுத்தம் ஏறிச் சந்தேகம் வந்தால், எஸ்.எஃப்.எல்.டி.-1 என்ற புரதத்துக்கும் பி.எல்.ஜி.எஃப்.புக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கலாம். 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடுத்த ஒரு வாரத்துக்குள் ப்ரீஎக்லாம்ப்சியா வர வாய்ப்பு மிக மிகக் குறைவு. 2016இல் வெளியான ஆய்வில் இந்த விலக்கல் 99 சதவீதத்துக்கும் மேல் சரியாக இருந்தது.

வலி எடுத்தபிறகு முடிவெடுப்பது தனி விஷயம். அப்போது கருப்பை வாய்க்கருகே துடைத்தெடுத்து, ஃபைப்ரோனெக்டின் என்ற புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை பயன்படும். இல்லை என்று வந்தால் அடுத்த ஏழு நாட்களுக்குள் பிரசவம் ஆகாது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். இருக்கிறது என்று வந்தால் மட்டும் பிரசவம் உறுதி என்று எடுத்துக்கொள்ள முடியாது. ரத்தக்கசிவு இருந்தாலோ, முந்தைய நாளில் உடலுறவு நடந்திருந்தாலோ முடிவு தவறலாம். வலி இல்லாத பெண்களிடம் முன்கூட்டிக் கணிக்க இதை எடுப்பதால் பெரிய பலன் இல்லை.

அப்படியானால் யாருக்கு எது?

முதல் கர்ப்பம், வேறு தொந்தரவு எதுவும் இல்லை என்றால்: வழக்கமான ரத்தப் பரிசோதனையை அதற்குரிய வேலைக்குப் பயன்படுத்துங்கள். ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு இருந்தால் சரிசெய்யுங்கள். சிறுநீர் கல்ச்சரும் எடுத்துப் பாருங்கள், அறிகுறியே இல்லாத கிருமித்தொற்றைக் கூட அது காட்டும். குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் அன்றே கருப்பை வாயையும் உள்வழியாக அளந்துவிடச் சொல்லிக் கேளுங்கள். ரத்த அழுத்த வரலாறு, நாற்பதை நெருங்கும் வயது, உடல் எடை கூடுதல் இவற்றில் ஏதாவது இருந்தால் ஆஸ்பிரின் வேண்டுமா என்று 12ஆவது வாரத்திலேயே கேளுங்கள். தனியாகக் காசு கட்டிச் செய்யும் கணிப்புப் பரிசோதனையை இப்போதைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முன்பே குறைப்பிரசவம் ஆனவர் என்றால் எந்த ரத்தப் பரிசோதனையும் அந்த வரலாற்றைவிடப் பெரிய தகவலைத் தரப்போவதில்லை. எந்த வாரம், வலி முதலில் வந்ததா நீர் முதலில் உடைந்ததா, மருத்துவர் எடுத்த முடிவா என்பதை எழுதிக்கொண்டு போய் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். 16ஆவது வாரத்திலிருந்தே கருப்பை வாயை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளக்கலாம். இரட்டைக் குழந்தைகள் என்றால் பாதிக்கும் மேற்பட்டவர்கள் 37 வாரத்துக்கு முன்பே பிரசவிக்கிறார்கள். அங்கே கணிப்பதைவிட, பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் பதிந்துகொள்வதே முக்கியம். “ஆபத்து” என்று முடிவு வந்தவுடன் படுத்த படுக்கையாகக் கிடப்பது யாருக்கும் வேண்டாம். அது குறைப்பிரசவத்தைத் தடுப்பதாக நிரூபணமில்லை, காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும்.

எந்தப் பரிசோதனை எடுத்திருந்தாலும், சீராக விட்டுவிட்டு வரும் வயிற்று இறுக்கம், நீர்க்கசிவு, ரத்தக்கசிவு, குழந்தை கீழே அழுத்துவது போன்ற கனம், கடும் தலைவலி, பார்வை மங்கல் இவற்றில் ஒன்று வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். போன வாரம் வந்த ரிப்போர்ட் நார்மலாக இருந்தது என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்யும் ஸ்டீராய்டு ஊசியை 24 முதல் 34 வாரங்களுக்குள் பிரசவம் நெருங்கும்போது போடுவார்கள். அது முழுப் பலன் தர ஒரு நாளாவது ஆகும், ஒரு வாரத்துக்குப் பிறகு பலன் குறையத் தொடங்கும். 32 வாரத்துக்கு முன்பு என்றால் குழந்தையின் மூளையைக் காக்க மக்னீசியம் சல்ஃபேட்டும் கொடுக்கிறார்கள். வாரக் கணக்கு சரியாகத் தெரிந்தால்தான் இவற்றைச் சரியாகக் கொடுக்க முடியும். ஆகவே முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டை மறக்காமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.